காபி வரைக்கும் வந்த படம்

கோச்சடையில் செல்லத்தாய் வீட்டுக்கு வழி கேட்டால், "பூ மார்க்கெட் காளை பொஞ்சாதியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். தெருவில் அவளுக்கு அவ்வளவுதான் பேர். ஆனால் ஒரு வாரம்கூட ஓடாத படத்தை எடுத்துவிட்டு, அதற்கப்புறம் சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போகவே கூச்சப்படுகிற டைரக்டர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் உண்டோ, அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். யூடியூபில் 'செல்லத்தாய் வீட்டு இலை' என்று ஒன்று வருகிறதே, அது அவள்தான். பெரிய நடிகர் படத்தை அவள் தொட மாட்டாள். அவர்களுக்குப் பாலூற்ற ஆள் இருக்கிறது, நாம் எதற்கு என்பாள். பேர் தெரியாத படம், ஆள் தெரியாத நடிகர், கையைக் கடித்த பட்ஜெட், அப்புறம் டிவிக்கு ஆன்டெனா திருப்பிய காலத்து நாடகங்கள். இவைதான் அவள் சரக்கு.

மார்க் போடுவதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. நட்சத்திரம் கிட்சத்திரம் எல்லாம் கிடையாது. படத்தை வீடு தேடி வந்த விருந்தாளியாக வைத்துக்கொள்வாள். எப்பேர்ப்பட்ட படமாக இருந்தாலும் ஒரு "வாங்க" உண்டு. வாசல்படி ஏறியவரை வாங்க என்று சொல்லாமல் விட்டால் மதுரைப் பக்கம் பேச்சுவார்த்தையே அற்றுப்போகும், அதைப் படத்துக்கு மட்டும் செய்யலாமா? கொஞ்சம் தேறினால் ஒரு சொம்புத் தண்ணீர். உட்கார வைத்துப் பேசலாம் போலிருந்தால் காபி. மனதை என்னவோ செய்துவிட்டால் இலை, இலை நிறையச் சாப்பாடு. இலை வரைக்கும் வந்த படங்கள் ரொம்பக் கம்மி.

இந்தக் கிறுக்கு அவளுக்குக் கல்யாணமாகி வந்த புதிதிலேயே பிடித்தது. இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில் அப்போது மாமனாரின் நெல்வயல். அங்கே ஒரு சினிமாக் கம்பெனி படம் பிடிக்க வந்தது. கம்பெனி என்றால் ஒரு வேன், ஒரு கேமரா, பசித்த முகங்கள். சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். செல்லத்தாய்தான் அம்புட்டுப் பேருக்கும் ஆக்கி இலை போட்டாள். கதாநாயகி அவளுடைய சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினாள். அந்தப் படம் வெளிவரவே இல்லை. எந்தச் சேனலிலாவது என்றைக்காவது போட மாட்டானா என்று, மார்க்கெட்டிலிருந்து திரும்பிய காளை தூங்குகிற மத்தியான வேளைகளில் டிவி முன்னால் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். தன் சேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

கையில் வாட்ச் கட்டிய பேயைப் பார்த்தாள். எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மணியடிக்கிற டெலிபோனைப் பார்த்தாள். பழைய நாடகங்களில் கதவைச் சாத்தினால் சுவர் ஆடும், ஒரே சோபா வாரத்துக்கொரு பணக்காரர் வீட்டில் உழைக்கும், அதில் யாரும் உட்காராமல் பக்கத்தில் நின்றே பேசித் தீர்ப்பார்கள். இதையெல்லாம் அவள் சொல்லிச் சிரிப்பதை மகள் அஸ்வினி ஒருநாள் போனில் பிடித்துப் போட்டுவிட்டாள். சேனல் அப்படித் தொடங்கியது.

சிரிப்பாளே தவிர, இளக்காரம் கிடையாது. எந்தப் படத்தையும் கடைசிப் பேர் ஓடி முடிகிற வரைக்கும் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். பாவம் என்று பொய் சொல்லவும் மாட்டாள். அந்த மனுஷன் பட்ட பாடு நிஜம், அதற்குப் பொய்யைப் பதிலாகக் கொடுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கு ஒரு சோதனை வந்தது, அதுவும் மகள் கல்யாண ரூபத்தில்.

அஸ்வினி ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஸ்கேன் எடுக்கிற சூரியபிரகாஷுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. விசாரித்தால் உறவுமுறைக்குள்ளேதான் வருகிறது. ஆகவே, பிள்ளைகள் பார்த்து முடித்துவிட்டதைப் பெரியவர்கள் முதலிலிருந்து பார்ப்பதுபோல் பார்ப்பதற்கு நாள் குறித்தார்கள். பையனின் அப்பா கண்ணுச்சாமிக்குச் செல்லூரில் லேத் பட்டறை. மனுஷன் கொஞ்சம் முறுக்கு, அவர் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் சரி என்று பேச்சு.

இதில் குண்டு என்னவென்றால், கண்ணுச்சாமியும் ஒரு படம் எடுத்தவர். 'எட்டாம் நம்பர் மதகு'. கதை, வசனம், டைரக்‌ஷன், கதாநாயகன் எல்லாம் அவரே. அதற்குப் பிறகு பட்டறையை விட்டு அவர் அசையவில்லை. மகன் அந்தப் படத்தை யூடியூபில் ஏற்றி வைத்திருந்தான். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு, தன் படத்துக்கு என்ன போடுகிறார்கள் என்று அந்தம்மாவிடம் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார்.

செல்லத்தாய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். கண்ணுச்சாமி வாயைத் திறந்தவர் மூடவில்லை. மதகைத் திறக்கச் சொல்லிப் பேசினார், மூடச் சொல்லிப் பேசினார், ஆள் கிடைக்காதபோது காளைமாட்டிடம் பேசினார். ஒரு காட்சியில் பெரிதாக இருந்த மீசை அடுத்த காட்சியில் பாதியாகி, அதற்கடுத்ததில் மறுபடி வளர்ந்தது. சண்டையில் அவர் கையை ஓங்குவதற்கு முன்பே வில்லன் முந்திக்கொண்டு விழுந்தான். செல்லத்தாய் சிரிக்க நினைத்தாள், சிரிப்பு வரவில்லை. மகள் வாழ்க்கை அந்த மீசையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் நடுவில் ஒரு காட்சி வந்தது. கதாநாயகன் சாப்பிட்டுக்கொண்டே, "ஒனக்கு?" என்று மனைவியைக் கேட்கிறான். அவள் இருக்கிறது என்கிறாள். திரும்பி உட்கார்ந்து, காலிச் சோற்றுக் குண்டானில் கரண்டியை விட்டுச் சுரண்டுகிறாள், அவன் காதுக்குச் சோறு அள்ளுகிற சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக. முதுகு மட்டும்தான் தெரிந்தது. கதாநாயகியின் சேலைதான், ஆள் வேறு என்பது செல்லத்தாய்க்கு உடனே தெரிந்துவிட்டது. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். கடைசியில் ஓடிய பேர்களில் அந்த முதுகுக்குச் சொந்தக்காரி பேர் இல்லை.

காளை விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். மல்லிகைப் பூவை ஏலம் விட்டுப் பழகிய மனுஷன், எதையும் பேசி முடித்துவிடலாம் என்று நம்புகிறவர். "ஊரு பேரு தெரியாத படத்துக்கெல்லாம் இலை போட்டுருக்க. சம்பந்தம் பண்ணப் போற வீட்டுக்கு ஒரு இலை போட்டா கொறஞ்சா போயிருவ?" என்றார். அஸ்வினி அம்மாவை வற்புறுத்தவே இல்லை. "நீ நெனச்சதச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். காளை கெஞ்சியதைவிட அதுதான் செல்லத்தாயை வதைத்தது.

வந்தார்கள். கண்ணுச்சாமி வெள்ளைச் சட்டை, படத்தில் வந்ததைவிட நல்ல மீசை. மனைவி சோலையம்மாள் ஒடிசலாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் தலையாட்டினாள். பின்னால் சூரியபிரகாஷ், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். கேசரியும் பஜ்ஜியும் காபியும் வந்தன. அதற்கு மேல் எதுவும் வராது. பேசி முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதனால்தான் செல்லத்தாய் அன்றைக்கும் வீட்டு ஆட்கள் மூன்று பேருக்கு மட்டுமே சோறு வடித்திருந்தாள்.

கண்ணுச்சாமி ஊர்ப் பேச்சு, மழைப் பேச்சு எல்லாம் பேசினார். அஸ்வினி வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம படம் பாத்தீகளா தங்கச்சி?" என்று கேட்டார். கேட்ட குரலில் முறுக்கு இல்லை. பரீட்சை எழுதிய பிள்ளையின் குரல் அது. அதைக் கேட்டதும் செல்லத்தாய்க்குப் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. காளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேண்ணே. காபிதாண்ணே போட முடியும்" என்றாள். "எல்லாத்தையும் நீங்களே பேசிட்டீக. மத்தவுகளப் பேச விடல, பாக்குறவுகள நெனைக்க விடல."

கண்ணுச்சாமி துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். எழுந்திருக்கப் போகிறவர் செய்கிற காரியம் அது. அறைக்குள் அஸ்வினியின் வளையல் சத்தம் நின்றுபோயிற்று.

செல்லத்தாய் விடவில்லை. "இன்னும் முடிக்கலண்ணே. அதுல ஒரு பொம்பள காலிக் குண்டானச் சொரண்டுது பாருங்க, அதுக்கு மட்டும் நான் இலை போடுறேன். இத்தன வருசத்துல அப்புடி ஒண்ண நான் பாத்ததில்ல. அது யாருண்ணே? பேருகூடப் போடல."

கண்ணுச்சாமி எழுந்திருக்கவில்லை. கதாநாயகிக்கு அன்றைக்குக் காய்ச்சல், வரவில்லை என்றார். வெயில் போய்விடுமே என்று வீட்டிலிருந்து இவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தாராம். சோறு போடுகிற மாதிரி நடி என்று மட்டும்தான் சொன்னாராம். மற்றதெல்லாம் இவளாகச் செய்தது, எப்படித்தான் அப்படி நடித்தாளோ என்று மனைவியைக் காட்டினார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

சோலையம்மாள் வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "நடிக்கலங்க. படம் எடுத்த வருசம் வீட்டுல செஞ்சதத்தான் அங்கயும் செஞ்சேன்."

சூரியபிரகாஷ் அம்மாவைப் பார்த்தான். கண்ணுச்சாமிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தோளில் போட்ட துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாவம், எவ்வளவோ வசனம் எழுதியவருக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"இலை போடுறேன்னீகளே, போடுங்க. பசிக்குது" என்றாள் சோலையம்மாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காளை அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வாழைமரத்துக்கு ஓடினார். கண்ணுச்சாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர்களோடு சூரியபிரகாஷுக்கும் காளைக்குமாக நாலு இலைகள் விழுந்தன. கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம், மோர், வீட்டில் இருந்தது அவ்வளவுதான். செல்லத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து குனிந்து பரிமாறினாள். அஸ்வினி அப்பளத்தை எல்லாருக்கும் ஒவ்வொன்றும் சூரியபிரகாஷுக்கு இரண்டும் வைத்தாள்.

மூன்று பேருக்கு வடித்த சோறு எவ்வளவு நேரம் தாங்கும்? நாலு இலைக்கும் மறுசோறு வைத்ததும் குண்டான் காலி. அப்போது சோலையம்மாள் நிமிர்ந்து, "நீங்களும் ஒக்காரலாம்ல, ஒங்களுக்கு இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"எனக்கு நெறையா இருக்கு, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு செல்லத்தாய் அடுப்படிக்குப் போனாள். என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே குண்டானுக்குள் கரண்டியை விட்டுச் சுரண்டினாள்.

கூடத்தில் சாப்பிடுகிற சத்தம் நின்றது. சோலையம்மாள் இலையிலிருந்து எழுந்து, எச்சில் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். செல்லத்தாயையும் குண்டானையும் பார்த்தாள். அந்த ஒடிசலான முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"சத்தம் சரியா வரல மதினி" என்றாள். "வாங்க, எங்க இலையில உள்ளதப் பங்கு போட்டுக்குவோம்."