பக்கத்து சீட் பிரேக்

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர். இருபத்திரண்டு வருடமாக கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்றால் ஓட்டுவதில் புலியாக இருப்பாள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அத்தனை வருடமும் அவள் உட்கார்ந்தது பக்கத்து சீட்டில். பயிற்சி கார்களில் அந்த சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் கிடையாது, ஆக்ஸிலேட்டர் கிடையாது. ஓட்டுகிறவர் பயப்படுவதற்கு முன்னால் அவள் பயந்து அதை மிதித்துவிடுவாள். ஒருமுறை எதிரே பறந்து வந்த துணிப்பைக்குக்கூட மிதித்தாள். தேங்காயை உருட்டிவிட்டால்கூட இரண்டடியில் நின்றுவிடும் தட்டையான ஊர் அது. அவள் தொழிலுக்கு மேடும் தேவைப்படவில்லை, பள்ளமும் தேவைப்படவில்லை.

பயம் அவர்கள் குடும்பச் சொத்து. பயிற்சிப் பள்ளியின் மாடியில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு மூன்று தாழ்ப்பாள். படுத்த பிறகும் எழுந்து போய் கேஸ் அடுப்பின் திருகை ஒருதரம் தொட்டுப் பார்ப்பாள். உறவென்று இருக்கும் ஒரே அக்காவோ அவளையும் தூக்கிச் சாப்பிடுகிறவள். அக்காவுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரி கவுனோடு ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மூன்றாவது தேதி குறித்தபோது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இனியும் தள்ளிப்போட்டால் இதயம் தாங்காது. அக்கா ஃபோனில் அழுதாள். "நீ வந்து கூட நிக்கணும்டி. நாலு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்க. உன்னைப் பாக்கலைன்னா சத்தியமா எறங்கி ஓடிருவேன்."

ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். ஆபரேஷன் அன்றைக்குப் பார்த்து பஸ் ஸ்டிரைக். பள்ளி முதலாளி சாவியை நீட்டினார். "நம்ம பயிற்சி வண்டியை எடுத்துட்டுப் போங்க. ஆனா வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க." நெற்றியில் சிவப்பு எல் போர்டு ஒட்டிய அந்த காரை, காலை ஆறு மணிக்கு அவள் தன்னந்தனியாகக் கிளப்பினாள்.

சமவெளி முழுக்க ஒரு மாதிரி வந்துவிட்டாள். பதினோரு மணிக்கு மலைப்பாதை ஏறி, பதினொன்றே முக்காலுக்கு இறங்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் ஆகாயம். அவளுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். பிரேக்கை மிதித்தாள், மிதித்தபடியே இருந்தாள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும் என்று ஆயிரம் பேருக்கு வாயால் சொன்னவள்தான். அவள் கால் அதை ஒருநாளும் செய்ததில்லை.

ஏழாவது வளைவில் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. பிறகு பக்கத்திலேயே வந்துவிட்டது. அதிலிருந்த மாற்று டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினான். "வீல்ல புகை வருது! கியரைக் குறைங்க!"

சக்கரத்தில் புகை என்று சொல்லி நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தினால் கழுத்தில் கத்தி வைப்பார்கள் என்று எத்தனை கதை கேட்டிருக்கிறாள்! கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தாள்.

பெடல் தரைவரை போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை.

கருகல் நாற்றம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள் என்று மட்டும் தோன்றியது. இப்போது லாரியை ஓட்டிக்கொண்டிருந்த பெரிய டிரைவரின் குரல் இடி மாதிரி வந்தது. "மூணு போடும்மா! பயப்படாத, மூணு!" போட்டாள். "இப்ப ரெண்டு!" இன்ஜின் அலறியது. வண்டி தயங்கி, முனகி, வேகம் குறைந்தது. "கைபிரேக்கை மெதுவா இழு, மெதுவா!" பாறையை உரசிக்கொண்டு கார் நின்றது.

லாரி முன்னால் போய் நின்றது. இருவரும் இறங்கி வந்தார்கள். பெரிய டிரைவருக்கு அறுபது வயதிருக்கும், தொப்பையும் அழுக்கு பனியனும். அவள் நான்கு கதவையும் பூட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, என்கிட்ட ஒண்ணுமில்லண்ணே, விட்டுடுங்கண்ணே."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பத்தடி பின்னால் போய், இவளுக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்தார். அங்கிருந்தே சொன்னார்: "கதவைத் திறக்க வேணாம்மா. தண்ணி கிண்ணி ஊத்திடாத. பிரேக் தானா ஆறணும், முக்கா மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாங்க இருக்கோம்."

சொன்னபடி இருந்தார்கள். மாற்று டிரைவர் மேலே வளைவில் நின்று, வருகிற வண்டிகளுக்குத் துண்டை வீசிக் காட்டினான். அரை மணி நேரம் கழித்து அவள் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள். நாலு மணி, அக்கா, வால்வு என்று அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். "என்னால இனிமே ஒரு அடி ஓட்ட முடியாதுண்ணே. கால் நடுங்குது."

"நான் ஓட்டட்டுமா?"

அவள் சாவியை இறுக்கிப் பிடித்தாள். முதலாளி சொன்னது ஒரு காரணம். இந்த ஆள் வண்டியோடு போய்விட்டால் என்ற பயம் பெரிய காரணம். அவருக்கு அது புரிந்தது, கோபம் வரவில்லை.

"சரி, நீயே ஓட்டு. அந்தப் பக்கம் ஒரு பிரேக் இருக்குல்ல? நான் அதுல உக்காந்துக்கறேன். அடிவாரம் வரைக்கும் வர்றேன்."

அந்தக் கதவின் பூட்டை எடுக்க அவளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்காக அந்த சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை.

பிரேக்கைச் சோதித்துவிட்டு, லாரியை மாற்று டிரைவர் முன்னால் ஓட்ட, இவள் இரண்டாவது கியரில் பின்னால் ஊர்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. "அண்ணே, கால் வெச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்பாள். "வெச்சிருக்கேன், நீ ரோட்டைப் பாரு" என்பார். இதே பதிலை இவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! வேர்வை கண்ணில் இறங்கியும் திரும்பிப் பார்க்கவில்லை. மீதியிருந்த பதினாறு வளைவும் முடிந்தது.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அவர் சீட்டின் மேல் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு தனியாகக் கீழே கிடந்தது.

"அண்ணே! கால் வெக்கவே இல்லையா?"

"மேலருந்தே இப்படித்தான். எனக்குக் காலைத் தொங்கப்போட்டு உக்காந்தா முட்டி வலிக்கும்" என்று சிரித்தார். "நீதான் நல்லா ஓட்டினியே. கெளம்பு, உங்கக்கா எறங்கி ஓடிரப் போறா." பேர் கேட்பதற்குள் லாரியில் ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குள் அவள் ஓடி நுழைந்தபோது மூன்று ஐம்பது. தியேட்டருக்குப் போகும் நடையில், அக்கா ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு காலைத் தொங்கப்போட்டிருந்தாள். நர்ஸ் ஒருத்தி தோளைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அக்கா காலை மேலே எடுத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

"பயமா இருக்குடி. கம்பியைப் பிடிச்சுக்கோ. விட்டுடாத."

"பிடிச்சிருக்கேன்."

கதவு வரை ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அங்கே சிவப்புக் கோட்டைக் காட்டி, அதற்கு மேல் வரக் கூடாது என்று நர்ஸ் கையால் தடுத்தாள். கம்பி அவள் விரலை விட்டு நழுவி நகர்ந்தது.

"பிடிச்சிருக்கியா?" உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

பிரேக் டீச்சர் வெறும் கையைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். உடம்பெல்லாம் உதறியது. குரலை மட்டும் உதறவிடவில்லை.

"பிடிச்சிருக்கேன்க்கா. நீ போ."