கால் குளிசை

என் மனைவி லூர்த்தம்மா இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை செய்தவள். டொக்டர்மாரே தன்னைக் கேட்டுத்தான் மருந்து எழுதினார்கள் என்பதுபோல ஒரு நடை நடப்பாள். நான் கடலுக்குப் போகிறவன். மருந்து விஷயத்தில் வாய் திறந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

தொண்ணூறில் ஷெல்லடிக்குப் பயந்து குருநகரிலிருந்து நல்லூருக்கு வந்தோம். கொழும்புக்குப் போன ஒரு குடும்பம் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்தது. வீட்டோடு மூன்று பூனைகளும் கிடைத்தன. பிறகு அந்த ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களின் பூனைகள் மதிலேறிக் குதித்து எங்களிடம் வந்தன. வாத்தியார் வீட்டுக் கறுப்பி, சங்கக்கடை மனேச்சர் வீட்டு மஞ்சள் என்று பழைய வீட்டுக்காரரின் பெயரிலேயே லூர்த்தம்மா அவற்றைக் கூப்பிட்டாள். அடுத்த வருடம் பதினொன்று ஆகிவிட்டது.

"எல்லாத்துக்கும் சோறு போட இது என்ன மடமோ?" என்று கத்தினேன்.

"அதுகளும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்ததுகள்தான்," என்றாள்.

காலையில் எழுந்ததும் அவளுடைய வார்ட் தொடங்கிவிடும். வரிசையாகக் காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பாள். கண்ணில் பீளை இருந்தால் கொதித்தாறிய உப்புத் தண்ணீரில் துடைப்பாள். கடுவன் பூனை கடிபட்டு வந்தால் காயம் கழுவுவது அவள். பிடித்துக்கொண்டு கீறு வாங்குவது நான். உண்மையைச் சொன்னால், கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த எனக்கு அந்தக் கீறல்கள் கூடப் பிடித்திருந்தன.

மாரி தொடங்கியதும் ஐந்துக்குத் தடிமன் பிடித்தது. தும்மல், மூக்கொழுகல், காது நெருப்பாகச் சுட்டது. கடைகளில் மருந்தைக் கண்ணால் காண முடியாத காலம். என் தலையிடிக்கென்று ஒளித்து வைத்திருந்த பரசிற்றமோல் ஒரு கார்ட் மட்டும் அலுமாரியில் இருந்தது. கேட்க அவள் தயங்கினாள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

குளிசையை நாலாக உடைத்து, கால் குளிசையைப் பொடியாக்கி, மீன் அவித்த தண்ணீரில் கரைத்துப் பருக்கினாள். பச்சைப்பிள்ளைகளுக்கு அளந்து கொடுப்பது போல அத்தனை கவனம். ஆனால் அடுத்த நாள் அவற்றின் முகம் வீங்கியது. பல்முரசு மண்ணிறமானது. வாயைத் திறந்து மூச்சு இழுத்தன.

"காய்ச்சல் கூடிட்டுதுபோல. இன்னொரு கால் குடன்," என்று சொன்னவன் நான்தான்.

மூன்று நாளில் நாலு செத்தன. கறுப்பி மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு மாட்டு டொக்டரிடம் புறப்பட்டேன்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நல்லாய் இருக்கிற ஆறுக்கும் தடிமன் வருத்தம் தொத்த முன்னம் நான் கால் கால் குடுத்துவிடுறன்," என்று வாசல் படலையில் நின்று சொன்னாள். நல்ல யோசனைதான் என்று தலையாட்டிவிட்டுப் போனேன்.

டொக்டர் இளம் மனிதர். கறுப்பியின் வாயைத் திறந்து பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன மருந்து குடுத்தனீங்கள், ஐயா?"

"பரசிற்றமோல். மனிசி ஆஸ்பத்திரியிலை இருந்தவ, அளவாய்த்தான் குடுத்தவ," என்றேன் பெருமையாக.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "பூனைக்கு அது நஞ்சு, ஐயா. சாகிறதுக்கு ஒரு துண்டே காணும். தடிமன் தன்பாட்டிலை மாறியிருக்கும்," என்றார்.

மேசையில் கறுப்பி ஒருமுறை காலை நீட்டிவிட்டு அடங்கியது. அப்போதுதான் படலையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. பையும் எடுக்கவில்லை, பூனையும் எடுக்கவில்லை. அந்த வயதில் அப்படிச் சைக்கிள் மிதிப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

குசினி வாசலில் அவள் மஞ்சளை மடியில் வைத்து, கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தாள். பாய்ந்து தட்டிவிட்டேன். கரண்டி சுவரில் அடித்து விழுந்தது. மஞ்சள் துள்ளி ஓடியது.

"உங்களுக்கு என்ன விசரோ?"

"மற்றதுகளுக்குக் குடுத்திட்டியோ?"

"இல்லை, இதுதான் முதல். ஏன்?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் தன் மடியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அப்ப முகம் வீங்கினது?"

"ஓம்."

"மூச்சு இழுத்தது?"

"ஓம், லூர்த்து."

"வருத்தமில்லையோ அது? நான் குடுத்ததோ?"

"நாங்கள் குடுத்தது," என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை.

அதற்குள் மஞ்சள் திரும்பி வந்து, நிலத்தில் சிந்திய மீன் தண்ணீரை நக்கக் குனிந்தது. லூர்த்தம்மா வீரிட்டுக்கொண்டு எழும்பினாள். விளக்குமாற்றை எடுத்து அதன் முதுகில் ஓங்கி அடித்தாள். அது முற்றத்துக்கு ஓடிப்போய் நின்று, பசியில் கத்திக்கொண்டு மறுபடி அவள் காலடிக்கே வந்தது.

"போ! என்னட்டை வராதை! என்னட்டை வராதை!" என்று அவள் அதை அடித்து அடித்துத் துரத்தினாள்.