கப்பல் ஜெட்டி கேட்டில் ஆள் எண்ணப் படித்த கதை

துறைமுகத்தில் கப்பல்தான் பெரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; உள்ளே வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கப்பலைவிட இங்கிலீஷ் பெரிசு. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். கப்பல் வந்து நிற்கும் போர்ட் பிளேயர் ஜெட்டியில் பயணிகள் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்த கான்ட்ராக்ட் முடியப்போகிற நேரத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் பெயர் கேட்டார்கள். பாஸானால் கேட்டில் ஆள் எண்ணும் வேலை, ஃபெயிலானால் வீடு. என்னைப் போல வாய் திறக்கப் பயந்து கடைசி பெஞ்சைத் தேடினவர்களுக்கு என் நிலைமை புரியும்.

நில்லு பாய்

முதல் நாள் வாக்கி டாக்கி வகுப்பு. மெயின்லேண்டிலிருந்து வந்த சார் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய் இன்னொன்றில் "ஸ்டேண்ட் பை" என்றார். இங்கே வங்காளி, தெலுங்கர், நாங்கள் எல்லோருக்கும் பொது பாஷை ஹிந்தி. ஆம்பளை யாரானாலும் 'பாய்', அண்ணன்; பொம்பளை என்றால் 'பெஹன்', தங்கச்சி. எனக்கு 'நில்லு அண்ணா' என்றுதான் கேட்டது. அது நான் இல்லையே. பக்கத்திலிருந்த அப்பாராவ் அண்ணனை எழுந்து நிற்கச் சொன்னேன். பாவம், நின்றார்.

சார் திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார். தயாராகக் காத்திரு என்பதுதான் அதற்கு அர்த்தமாம். என்னால் தலை தூக்க முடியவில்லை. அண்ணன் மெதுவாக உட்கார்ந்து சொன்னார்: "பரவாயில்ல பெஹன், நல்லவேளை, கடல்ல குதிக்கச் சொன்னதா உனக்குக் கேக்காம போச்சே."

நாலாவது வேலை

தீயணைப்பு சிலிண்டருக்கு நாலு வேலை. பின்னை இழுக்கணும், நெருப்பின் அடியில் காட்டணும், பிடியை அமுக்கணும். நாலாவதை போர்டில் இங்கிலீஷில் எழுதிப்போட்டார்கள். படிக்கத் தெரியாமல் முழித்தேன். கூடப் படித்த வங்காளி அக்கா ஷிப்ரா தீதி என் காதில் "ஜாடு" என்றார். ஜாடு என்றால் துடைப்பம். எனக்கு அது போதும்.

மற்றவர்கள் ஒரே இடத்தில் பீய்ச்சினார்கள். நான் ஹாலைப் பெருக்குகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோனேன். தகர ட்ரேயில் எரிந்த தீ அடங்கியது. சார் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இவங்க ஒருத்தர்தான் ஏற்கெனவே பயிற்சி எடுத்துட்டு வந்திருக்காங்க."

இருபதாவது ஆள்

கடைசிப் பரீட்சை. கூடப் படித்தவர்கள் பயணிகளாகக் கப்பல் ஏணியில் ஏறுவார்கள். நான் எண்ணி, மேலே நிற்கும் சாருக்கு வாக்கி டாக்கியில் சொல்லணும். அன்றைக்குப் பார்த்து, நாங்கள் குடியிருக்கும் டெலானிபூரில் என் பிள்ளையை வைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். ஒன்பது மாத மகளைத் தூக்கிக்கொண்டே போனேன். தீதி எதுவும் கேட்காமல் அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணி ஏறினார்.

இருபது என்றேன். லிஸ்டில் பத்தொன்பதுதான், சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் சார். யாரோ சிரித்தார்கள். பத்தொன்பது என்று சொல்லிவிட்டால் அப்போதே பாஸ். எனக்கு வந்த ஹிந்தியில் சொன்னேன்: "சார், கைக்குழந்தை ஒண்ணு ஏறியிருக்கு. ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் லைஃப் ஜாக்கெட் வேணும்ல."

வாக்கி டாக்கியில் கரகரவென்று சார் குரல்: "லிஸ்ட்தான் தப்பு. இருபது. நீங்க பாஸ்."

இப்போது கேட்டிலிருந்து நான் எண்ணிக்கை சொன்னால், கேட்டுக்கொண்டோம் என்பதற்குக் கப்பலிலிருந்து 'காப்பி' என்று பதில் வருகிறது; வீட்டில் நான் எது சொன்னாலும் என் வீட்டுக்காரரும் அதே பதில்தான் சொல்கிறார், ஆனால் அது குடிக்கிற காப்பி.