சிங்கப்பூர் காருக்குத் தங்கச்செல்வி போட்ட பாலிசி

அந்தக் காரின் மதிப்பு பதினாலு லட்சம் என்று கேட்டதும் தங்கச்செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒன்பது வருடமாக இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருப்பவள். அதுவரை அவள் போட்ட பெரிய பாலிசி, காரியாபட்டிக்காரர் ஒருவரின் பழைய லாரிக்கு. மற்றதெல்லாம் கறவை மாடு, உழவு மாடு, விசைத்தறி, மொபெட் வகையறா. பதினாலு லட்சத்துக்கு அருப்புக்கோட்டையில் அவள் குடியிருந்த தெருவில் பாதியை வாங்கலாம்.

“எழுதுங்க தங்கச்சி, வரியோட சேத்துத்தான் சொல்றேன்” என்றார் காரின் சொந்தக்காரர் வீரபத்திரன்.

அது 1994ஆம் வருடம், ஆடி மாதம். வீரபத்திரன் திருச்சுழிப் பக்கம் பிறந்தவர். இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூரில் மளிகைக்கடை வைத்திருந்துவிட்டு, ஊரோடு வந்துவிட்டார். குடிபெயர்ந்து வருகிறவர் வரி கட்டி ஒரு கார் கொண்டுவரலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. மற்றவர்கள் நாலு பேர் உட்காரும் காராகக் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது இரண்டே கதவுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ஜப்பானில் செய்தது. அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இராது. பின்பக்கம் ஒரு றெக்கை. சிங்கப்பூரில் அவர் கடைக்கு எதிரே அந்த மாதிரி ஒன்று தினமும் வந்து நிற்குமாம். அதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, கிளம்புகிற காலத்தில் ஒன்றை வாங்கிவிட்டார்.

தங்கச்செல்வி பி.காம். முடித்தவள். கணவர் ஆனந்தகுமாரின் இரும்புக்கடையில் ஆணியும் கம்பியும் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, சரக்கு வாங்க வந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீசர் ஒருவர் அவள் எழுதும் பில்லைப் பார்த்துவிட்டு, “ஏஜென்சி எடுக்கிறீங்களாம்மா?” என்று கேட்டார். அவள் எழுதும் ஃபாரத்தில் ஒரு கட்டமும் காலியாக இருக்காது. ஒரே ஒருமுறைதான் தவறியது. மல்லாங்கிணற்றில் ஒருவருடைய தறிக்குப் பாலிசி எழுதும்போது மோட்டாரைத் தனியாகக் குறிப்பிடாமல் விட்டுவிட்டாள். தறி எரிந்தபோது மோட்டாருக்குப் பணம் வரவில்லை. அவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் எதையும் பொத்தாம்பொதுவாக எழுதியதில்லை.

கார் விஷயத்தில் அதுதான் சிக்கலாயிற்று. கிளை ஆபீசில் மோட்டார் பிரிவைப் பார்த்தவர் நாகேந்திரன். நெசவுக்காரக் குடும்பம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், நல்ல மனிதர்.

“மேடம், இந்த மாடலுக்கு நம்மகிட்ட ரேட்டே இல்ல. ஃபாக்டரியிலேயே மாட்டி வந்த சாமான் எது, பின்னாடி கடையில மாட்டுனது எதுன்னு தெரிஞ்சாத்தான் மதிப்புப் போட முடியும். கடையில மாட்டுனதுக்குத் தனி பிரீமியம்.”

“அது தெரியலன்னா சார்?”

“பொதுவா ‘கார்’னு எழுதிருங்க. கிளைம் வந்தா அப்பப் பாத்துக்கலாம்.”

அவள் அப்படி எழுதவில்லை. வீரபத்திரனிடம் விலாசம் வாங்கி, கார் விற்ற சிங்கப்பூர் கம்பெனிக்குக் கடிதம் போட்டாள். ஆறு வாரம் கழித்து, எந்த எண்ணுக்கு எந்தச் சாமான் என்று அச்சடித்த தாள் ஒன்று வந்தது. காரின் இஞ்சின் பக்கத்துத் தகட்டில் இருந்த எண்களை அந்தத் தாளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். சுவிட்சைத் தட்டினால் திறக்கும் கூரைக் கண்ணாடி, தோல் சீட்டு, வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் பின்றெக்கை, வழக்கத்தைவிடத் தாழ்வான ஸ்பிரிங் என்று பதினோரு சாமான்கள் ஃபாக்டரியிலேயே மாட்டப்பட்டவை. பாட்டுப் பெட்டி மட்டும் வெளியே மாட்டியது. எல்லாவற்றையும் மதிப்போடு தனித் தாளில் எழுதிப் பாலிசியோடு சேர்த்தாள்.

மறு வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் முற்பகல், இரும்புக்கடைக்குப் போன் வந்தது. திருச்சுழி ரோட்டில் கார் எரிகிறது என்றார்கள்.

அவள் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நெருப்பு அடங்கியிருந்தது. சிவப்பு என்று சொல்ல ஒரு விரற்கடை இடமும் காரில் மிச்சமில்லை. கண்ணாடி உருகித் தாரில் ஒட்டியிருந்தது. வீரபத்திரன் உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நுனி பொசுங்கியிருந்தது. உடம்பில் காயம் இல்லை.

கொள்ளு அறுப்புக் காலம் அது. பறித்த கொடியை ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறிப்போய் மணி உதிரும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அன்று பரப்பியிருந்தவள் ஆவுடைத்தாய். காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“தெரியாம ஏறிட்டீகளா அண்ணாச்சி?” என்று கேட்டாள் தங்கச்செல்வி.

“பாத்துத்தான் ஏறுனேன்” என்றார் வீரபத்திரன். “சின்னதுல இப்படித்தான் கொடி மேல சைக்கிள் விடுவோம். ஏறிப் போனேன். சரசரன்னு சத்தம் நல்லாயிருந்துச்சு. திரும்பி வந்து மறுபடி ஏத்துனேன். அந்தம்மாவுக்கும் மணி உதிரட்டும்னு பாத்தேன். வண்டி நின்னுபோச்சு. பொகையத் தூசின்னு நெனச்சேன்.”

தாழ்வான காருக்கடியில் கொடி சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுப் பற்றிவிட்டது. கண்ணாடியைத் தட்டி, கதவைத் திறக்கச் சொல்லி, அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவள் ஆவுடைத்தாய்தான். அவளுடைய கொள்ளும் பாதிக்கு மேல் கருகிவிட்டது. தங்கச்செல்வி போனபோது, கருகியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கச்செல்வி வழக்கம்போல நோட்டை எடுத்தாள். “இது யாரு கொள்ளு அக்கா?”

“என்னுதுதான் தாயி. எழுதிக்கோங்க. ஆவுடைத்தாய், புருசன் பேரு மொக்கையன். வீடு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால.” நின்று யோசித்துவிட்டு, “எனக்கும் ஏதாச்சும் குடுப்பாகளா?” என்று கேட்டாள்.

“கேட்டுப் பாக்குறேன்க்கா.”

கிளைம் ஃபாரத்தில் ஒரு கட்டம் உண்டு. விபத்தில் வேறு யாருக்காவது தொடர்பு இருந்தால் பெயரும் விலாசமும் எழுதவேண்டும். தங்கச்செல்வி அதைத் தெளிவாக நிரப்பினாள். கொள்ளு எரிந்ததையும் சேர்த்தே எழுதினாள். விபத்து எப்படி நடந்தது என்ற கட்டத்தில் இடம் குறைவாக இருந்தது. ‘ரோட்டில் பரப்பியிருந்த கொள்ளுக்கொடி வண்டிக்கடியில் சுற்றித் தீப்பிடித்தது’ என்று ஒரே வரியில் முடித்தாள். வீரபத்திரன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

சேதத்தை மதிப்புப் போட மதுரையிலிருந்து வந்த சர்வேயர் எரிந்த கூட்டைச் சுற்றி வந்தார். தோல் சீட்டு எங்கே, கூரைக் கண்ணாடி எங்கே என்று கேட்டால் காட்டுவதற்குச் சாம்பல்தான் இருந்தது. தங்கச்செல்வி சிங்கப்பூர்த் தாளை எடுத்து நீட்டினாள். “இப்படி ஒரு லிஸ்டு நான் மதுரையிலயே பாத்ததில்லம்மா” என்றார் அவர். ஐப்பசியில் பணம் வந்தது. பதினோரு சாமான்களில் ஒன்றுகூட விடுபடவில்லை. வீரபத்திரன் ஒரு தட்டு நிறையப் பழமும் பட்டுச்சேலையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஊரில் அவள் பெயர் பேசப்பட்டது. அந்த நாலைந்து மாதம் அவளுக்குப் புதுப் பாலிசி தேடிப்போக வேண்டியிருக்கவில்லை.

1996 பங்குனியில் ஆவுடைத்தாய் இரும்புக்கடைக்கு வந்தாள். தலையில் ஒரு சின்னச் சாக்கு.

“புதுக் கொள்ளு தாயி, வச்சுக்கோங்க” என்று இறக்கி வைத்தாள். இடுப்பிலிருந்து நாலாக மடித்த கவர் ஒன்றை எடுத்தாள். “கைநாட்டு வாங்கிட்டுக் குடுத்தாரு போஸ்ட்மேன். இங்கிலீஸ்ல இருக்கு. கார்க் கம்பெனியில இருந்து வந்துருக்காம். நீங்க கேட்டுப் பாக்குறேன்னு சொன்னீகளே, அதான் வந்துருச்சுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு.”

தங்கச்செல்வி கவரைப் பிரித்தாள். மதுரை வக்கீல் ஒருவரின் நோட்டீஸ். நெடுஞ்சாலையில் எரியக்கூடிய பொருளைச் சட்டவிரோதமாகப் பரப்பி விபத்துக்குக் காரணமான வகையில், இன்சூரன்ஸ் கம்பெனி கார்ச் சொந்தக்காரருக்குக் கொடுத்த பதிமூன்று லட்சத்துச் சில்லறையை வட்டியுடன் முப்பது நாளுக்குள் கட்டவேண்டும் என்று இருந்தது. பின்னால் ஒரு தாள் இணைத்திருந்தார்கள். தங்கச்செல்வி எழுதிய பட்டியலின் நகல். அவளுடைய கையெழுத்து.

மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கடைக்குள்ளிருந்த ஆனந்தகுமார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசை விட்டு எழுந்து வந்தார்.

“எவ்வளவு போட்டுருக்காக?” என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

சொல்லாமல் இருக்க முடியாது. தங்கச்செல்வி சொன்னாள். பணம் வரவில்லை, கேட்கிறார்கள் என்று இரண்டுமுறை சொல்லவேண்டியிருந்தது. ஆவுடைத்தாய் அழவில்லை. பின்தாளைக் காட்டி, “இது என்ன?” என்றாள்.

“கார்ல இருந்த சாமான்.”

“என்ன சாமான்?”

“மேல தெறக்குற கண்ணாடி… தோல் சீட்டு…”

“மேல எதுக்குத் தெறக்கணும்?”

தங்கச்செல்வி தாளை மடித்தாள். ஆவுடைத்தாய் மண் தரையில் உட்கார்ந்தாள். “அந்தாள நாந்தான தாயி வெளிய இழுத்தேன்” என்றாள் மெதுவாக. யாரிடமும் புகார் சொல்வதுபோல இல்லை. நடந்தது அதுதானா என்று சரிபார்ப்பதுபோல இருந்தது.

அன்றைக்கே தங்கச்செல்வி கிளை ஆபீசுக்குப் போனாள். நாகேந்திரன் ஃபைலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“பெரிய கிளைம்னா, காரணமானவுக மேல மதுரைச் சட்டப்பிரிவு கேசு போடத்தான் செய்யும் மேடம். காரணம் யாருன்னு அவுகளாத் தேடல. பேரு, புருசன் பேரு, வீடு எங்க இருக்கு, எல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததுதான்.”

பதினோரு வருடத்தில் அந்தக் கட்டத்தை எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறாள். அது எதற்காக இருக்கிறது என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. காலியாக விடக்கூடாது என்பதற்காக நிரப்பினாள், அவ்வளவுதான். வீரபத்திரன் அன்று ரோட்டில் சொன்னதை அவள் நாகேந்திரனிடம் சொன்னாள்.

“வேணும்னே திரும்பி வந்து கொடியில ஏத்துனேன்னு வண்டிக்காரர் எழுதிக் குடுத்தா, இந்த நோட்டீசு நிக்காது” என்றார் நாகேந்திரன், குரலைத் தாழ்த்தி.

வீரபத்திரன் வீட்டில் காபி கொடுத்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள். “அந்தப் பொம்பளை மேலயா?” என்றார். என்ன எழுதித்தர வேண்டும் என்று அவள் சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “நான் எழுதிக் குடுத்தா, எனக்குக் குடுத்தத திருப்பிக் கேப்பாகளே தங்கச்சி. மக கல்யாணத்துக்கு எடுத்துட்டேன்.”

“உங்க தப்பா இருந்தாலும் உங்க வண்டிக்குக் குடுக்கணும் அண்ணாச்சி. பாலிசி அதுக்குத்தான்.”

“கேக்க மாட்டாகன்னு நீங்க எழுதிக் குடுப்பீகளா?”

அவளால் அப்படி எழுதித்தர முடியாது. அவர் ரெண்டு நாள் அவகாசம் கேட்டார். ஒரு வாரம் ஆயிற்று. போன் செய்தால் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். நெருப்பிலிருந்து இழுத்துப் போட்டவளுக்காக ஒரு வரி எழுதத் தயங்குவார் என்று தங்கச்செல்வி நினைத்ததில்லை.

எட்டாம் நாள் அவளே எழுதினாள். வீரபத்திரன் சம்பவ இடத்தில் தன்னிடம் சொன்னது முழுவதையும், அதைத் தான் ஃபாரத்தில் ஒரே வரியாகச் சுருக்கியதையும், ஆவுடைத்தாய் அவரைக் காப்பாற்றியதையும் மூன்று பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் மதுரைக்கு அனுப்பினாள். ஆனந்தகுமார் படித்துப் பார்த்தார். “ஏஜென்சி போயிரும்” என்றார். “போகட்டும்” என்றாள். அவர் தபால் செலவுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. உண்மையை மறைத்து ஃபாரம் எழுதியதற்கு விளக்கம் கேட்டு, அதுவரை ஏஜென்சியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் மறுபடியும் கடையில் கம்பி எடைபோட்டாள்.

செய்தி நாகேந்திரன் வழியாக வீரபத்திரனுக்குப் போயிற்று. ஒருநாள் மத்தியானம் அவர் இரும்புக்கடைக்கு வந்தார். கசங்கிய வேட்டி, கையில் மஞ்சள்பை. மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார்.

“எழுதிக் குடுத்துட்டேன்” என்றார். “நாலு ஆபீசருக மாத்தி மாத்திக் கேட்டாக. ஒருத்தரும் என்னை உக்காரச் சொல்லல. திருப்பி வாங்குவீங்களான்னு கேட்டேன். பதில் சொல்லல.” தண்ணீர் வாங்கிக் குடித்தார். “முன்னாடியே செஞ்சிருக்கணும். பயந்துட்டேன்.”

தங்கச்செல்வி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தங்கச்செல்வியின் ஏஜென்சி தை மாதம் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு திரும்பி வந்தது. ஆவுடைத்தாய் விஷயத்தில் மட்டும் பதினோரு மாதம் ஒரு பதிலும் வரவில்லை. அந்தப் பதினோரு மாதமும் தெருவில் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் ஆவுடைத்தாய் எழுந்து காட்டுக்குப் போய்விடுவாளாம். மொக்கையன்தான் சொன்னார்.

1997 மாசியில், ஆவுடைத்தாய் மீதான மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று இரும்புக்கடை விலாசத்துக்கு ஒரு வரியில் கடிதம் வந்தது. தங்கச்செல்வி அதை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனாள். படித்து, தமிழில் சொன்னாள். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினாள்.

ஆவுடைத்தாய் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“நீங்களே வச்சுக்கோங்க தாயி. எங்க வீட்டுக்குள்ள பேப்பரு வேணாம்.”

தங்கச்செல்வி வற்புறுத்தவில்லை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி தெருமுனை வரைக்கும் நடந்தே வந்தாள்.