பதில் வேண்டாத கேள்வி

1988 ஆடியில், மஹால் பக்கத்து நூல் மொத்தக் கடை ஒன்றில் கவுண்டரில் இருந்தேன். அந்தச் சித்திரையில்தான் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதோடு புரோகிராம் எழுத ஒரு பெண்ணும் வந்தார். எந்த நூல், எந்தச் சாயம் இருப்பில் உண்டு என்று நெசவாளர்கள் காலையில் கேட்பார்கள். நான் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதில் வருவதற்குள் வரிசை தெருவுக்குப் போய்விடும்.

“என்னண்ணே, ஒங்க மிஷின் இன்னும் பல்லு வெளக்கலையா?” என்பார் ஒரு நெசவாளர்.

முதலாளி பொறுமை இழந்தார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மிஷினைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மிஷின் போனால் அந்தப் பெண்ணின் வேலையும் போகும்.

அவர் பதறவில்லை. என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நூலை இரண்டாம் முறை கேட்டால் பதில் உடனே வருவதை நான் கவனித்ததே இல்லை, அவர் கவனித்தார். இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது: பதில் தேடும்போதே மிஷின் டிஸ்கில் எதையோ எழுதிக்கொண்டும் இருந்தது.

“படிக்கத்தானண்ணே சொல்றோம். இது எதை எழுதிக்கிட்டு இருக்கு?”

மறுநாள் விடையோடு வந்தார். அன்றன்றைய வரவையும் விற்பனையையும் மாலையில் மொத்தமாக ஏற்றுவோம். மாற்றிய ஒவ்வொரு பதிவிலும் ‘மாற்றம் நடக்கிறது’ என்று மிஷின் ஓர் அடையாளம் வைக்கிறது. வேலை முடிந்ததும் அதை அழிக்காமல் விட்டுவிடுகிறது. காலையில் முதலில் படிக்க வருபவர் தலையில் அந்த வேலை விழுகிறது: மாற்றம் முடிந்ததா என்று விசாரித்து, அடையாளத்தை அழித்து, திரும்ப எழுதி, அப்புறம்தான் பதில்.

“முத பந்திக்காரக இலையை எடுக்காமப் போயிட்டாகண்ணே. பசியோட வர்றவரு அதை எடுத்துப் போட்டுட்டு உக்கார்றாரு.”

வியாழன் மாலை ஏற்றி முடித்ததும், மொத்த இருப்பையும் ஒரு முறை எண்ணும்படி மிஷினிடம் கேட்டார். யாருக்கும் தேவையில்லாத எண்ணிக்கை. ஆனால் எண்ணுவதற்கு எல்லாப் பதிவையும் படித்தாக வேண்டும். படித்தால் அந்த அடையாளங்களைத் துடைத்தாக வேண்டும். நாங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. பெரிய கண்டுபிடிப்புகளைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். வேலையைக் குறைக்காமல், காத்திருக்க ஆளில்லாத நேரத்துக்கு அதை நகர்த்திய இந்த யோசனை அவற்றுக்கு இளைத்ததாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

வெள்ளி காலை முதலாளி என் பின்னால் வந்து நின்றார். நெசவாளர் நூல் நம்பரைச் சொன்னார். நான் தட்டிய கையோடு பதில் திரையில் இருந்தது. அடுத்தவருக்கும் அப்படியே.

“நேத்து எண்ணுனதுல எம்புட்டு வந்துச்சு?” என்று முதலாளி அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“பாக்கலை சார்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “சரி. இனிமே சாயங்காலம் அதைக் கேக்காம ஒருத்தரும் வீட்டுக்குப் போகக்கூடாது.”