நான் எழுதிய ‘இல்லை’

போன வருஷம் தை மாதக் கடைசி. உத்திரமேரூரில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சாலவாக்கம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இரண்டு நாள் முகாம் என்று பள்ளியில் அறிவித்தார்கள். கூடாரத்தில் தங்குவது, காட்டுக் குன்றில் ஏறுவது, டிரம்மும் மூங்கிலும் கட்டித் தெப்பம் செய்து ஏரியில் துடுப்புப் போடுவது. நடத்த சென்னையிலிருந்து நான்கு பயிற்சியாளர்கள் வருவதாகச் சொன்னார்கள்.

நான் பத்திர எழுத்தர். இருபது வருஷமாகப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிற வாய் இது.

பெற்றோர் கூட்டத்தில் பயிற்சியாளர் பெண், முப்பது வயதிருக்கும், பூசி மெழுகாமல் பேசினாள். “ஏரில தண்ணி இருக்கு, குன்றுல பாம்பு இருக்கு, பாறை வழுக்கும். நாங்க கவனமா பாத்துப்போம். ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு எழுதித் தரமாட்டேன். அது தெரிஞ்சு அனுப்பறதா இருந்தா கையெழுத்து போடுங்க.” எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. ஆறேழு பெற்றோர் தங்கள் படிவத்தையும் என்னிடமே நீட்டினார்கள். “உனுக்குதான் பயக்கம், நீயே எய்திடுப்பா” என்றார் ஒருவர்.

அதில் ஐந்தாவது கேள்வி, பிள்ளைக்கு உடல்நலக் குறை ஏதும் உண்டா என்பது. கிரயப் பத்திரத்தில் ‘வில்லங்கம் எதுவும் இல்லை’ என்ற வரியை ஆயிரக்கணக்கில் எழுதிய கை. யாரையும் கேட்கவில்லை. எல்லாப் படிவத்திலும் ‘இல்லை’ என்று எழுதினேன். என் மகளுடையதிலும்தான்.

அவளுக்கு வலிப்பு உண்டு. இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டும் வீட்டுக்குள்தான். செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டி, காலையும் இரவும் மாத்திரை. ஒன்றரை வருஷமாக வரவில்லை. எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. “வெளிய தெரிஞ்சா நாளிக்கி எவன் வந்து பொண்ணு கேப்பான்” என்பாள் என் மனைவி. அவள்மேல் பழி போட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. எழுதியது என் கை.

முகாமின் இரண்டாம் நாள் காலை, எட்டரை மணி. மகள் மாத்திரையை ஒளித்து வைக்கும் ஜாமெட்ரி பாக்ஸ் ஃபிரிட்ஜ் மேல் இருந்ததைப் பார்த்து மனைவி திறந்தாள். “மாத்திர இங்கியே கீதே” என்றாள். கூடாரத்தில் தோழிகள் பார்த்துவிடுவார்கள் என்று மகள் வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கிறாள். மறைக்கக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தானே. முந்தின இரவு ஒன்று, அன்று காலை ஒன்று, இரண்டு வேளை போய்விட்டது. சுவரில் ஒட்டியிருந்த முகாம் அட்டவணையைப் பார்த்தேன். ஒன்பதரைக்கு ஏரியில் தெப்பம்.

பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பயிற்சியாளர் எண்ணுக்கு லைன் கிடைக்கவில்லை. டீச்சர் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். அறுவடைக் காலம். வழியெல்லாம் ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் சக்கரம் நெல்லில் வழுக்கி விழப்போனேன். எனக்கு ஏதாவது ஆனால் இந்தச் செய்தி அவளிடம் போய்ச் சேராது என்ற பயத்தில் மெதுவாக ஓட்டினேன். மெதுவாக ஓட்டுகிறேனே என்ற பயத்தில் மறுபடி முறுக்கினேன்.

கரையேறிப் பார்த்தபோது ஏரி நிறைந்து கிடந்தது. நான்கு தெப்பங்களும் நடு ஏரியில். மூன்றாவதில் என் மகள், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு. கரையில் பயிற்சியாளர் பெண் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், உதவிக்கு வந்திருந்த எங்கள் தெருக்கார அம்மா ஒருவர். எங்களுக்குத் தூரத்து உறவும்கூட.

அந்த அம்மாவைப் பார்த்ததும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? “வூட்ல ஒரு விசேசம். பொண்ண கூட்டிக்கினு போவணும்.” அந்த நிமிஷத்திலும் பொய். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

“அரை மணியில வந்துடுவாங்க சார், உக்காருங்க” என்றாள் பயிற்சியாளர்.

நான் உட்காரவில்லை. மூன்றாவது தெப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் துடுப்பை மடியில் வைத்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் துடுப்புப் போட, அவள் மட்டும் சும்மா இருந்தாள். அவளுக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் இப்படித்தான், கையில் இருப்பதை வைத்துவிட்டு எங்கோ பார்ப்பாள். தெருக்கார அம்மா கேட்கட்டும், ஊரே கேட்கட்டும் என்று கத்தினேன். “அவளுக்கு வலிப்பு கீதும்மா. மாத்திர போடல. சீக்கிரம் இட்டாங்க.”

பயிற்சியாளர் உடனே விசிலை மூன்று தடவை ஊதினாள். சிறு படகில் காவலுக்கு இருந்தவர் தெப்பங்களை நோக்கிப் படகை விரட்டினார். மூன்றாவது தெப்பம் என்று அவள் கையைத் தூக்கி அவருக்குச் சைகை காட்டினாள். அவர் என் மகளைத் தன் படகுக்கு மாற்றி, தன் கண்முன்னாலேயே உட்கார வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பத்து நிமிஷம் ஆனது.

அவள் நன்றாகத்தான் இறங்கினாள். கை வலித்ததால் துடுப்பை வைத்தாளாம். முகமெல்லாம் சிவந்து என்மேல் பாய்ந்தாள். “இன்னாத்துக்கு நைனா இப்டி எல்லார் முன்னாடியும் மானத்த...” அந்த வார்த்தையோடு நின்றாள். கண் எங்கோ போயிற்று. நான் பிடிப்பதற்குள் புல்லில் சாய்ந்தாள்.

அதுவரை ஒதுங்கி நின்ற யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணிக்க வந்தார். பயிற்சியாளர் அவரைத் தடுத்து, மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் மண்டியிட்டாள். தெருக்கார அம்மா தன் துண்டை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்தார். இரண்டு நிமிஷத்தில் அடங்கியது.

மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வரும்வரை பயிற்சியாளர் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன் சார். மாத்திரைய நானே கேட்டுக் குடுத்திருப்பேன், பக்கத்துல ஒரு ஆள உக்கார வெச்சிருப்பேன்” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “அத்தன ஃபார்ம்லயும் ஒரே கையெழுத்துல இல்லைன்னு இருந்துச்சு. அப்பவே எனக்கு பயம்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே, நான் எழுதிக் கொடுத்த மற்றப் பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு பெண்ணுக்கு மூச்சிரைப்பு இருந்தது. அவளும் அன்று தெப்பத்தில்தான் இருந்திருக்கிறாள்.

இந்த வருஷமும் என் மகள் முகாமுக்குப் போனாள். ஐந்தாவது கேள்விக்கு விட்டிருந்த இடம் போதாமல் படிவத்தின் பின்பக்கமும் எழுதினேன். அவளே வாங்கிப் படித்து, மாத்திரையின் பெயரில் நான் விட்ட ஓர் எழுத்தைச் சேர்த்தாள். ஆபத்து இருப்பது தெரிந்து கையெழுத்துப் போட்டதாகத்தான் நான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரியையும் பாம்பையும் ஒப்புக்கொண்ட எனக்கு என் வீட்டில் இருந்ததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதை என் பெண் நடு ஏரிவரை தனியாகச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ‘இல்லை’ என்ற சொல்லை எழுதப் போகும் என் பேனா நின்றுவிடுகிறது.