கைப்பிடிக்கு அடியில் இருந்த முத்திரை

ஜவ்வாது மலையில் வனத்துறை ரேஞ்சராக இருந்தபோது, பிடிபட்ட சந்தனக் கட்டை ஒன்றை எடுத்து ஒரு ட்ரே செய்யக் கொடுத்தேன். எழுபதுகளின் கடைசி. பெரிய அதிகாரி ஒருவர் மனைவியோடு எங்கள் பங்களாவுக்கு மதிய விருந்துக்கு வருவதாக இருந்தது. எனக்கு மலையை விட்டுக் கீழே மாறுதல் வேண்டியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் காபி அந்த ட்ரேயில் வரும், அதிகாரி வீட்டம்மா மெச்சுவார், கையோடு கொடுத்தனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். பிடிபட்ட கட்டையை எடுத்தால் வேலை போகும், சிறையும் உண்டு என்பது மற்ற எவரையும்விட எனக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட கட்டைகளின் முனையில் சுத்தியலால் அரசு முத்திரை அடிப்போம். அதைச் செதுக்கி எடுத்துவிடு என்று ஆலங்காயத்துத் தச்சரிடம் நான் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்றிருந்தேன். வந்த ட்ரேயில் இரண்டு மயில்கள், ஓரமெல்லாம் கொடி. நான் மேலே மட்டும் பார்த்தேன்.

பங்களாவின் வாட்ச்மேனுக்குச் சமையலும் வேலை. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்காரர். காலையிலிருந்து அவரைத்தான் அதைத் துடைக்க வைத்தேன்.

"ஐயா, இது வாணாங்க. பீங்கான் தட்டு கீதே."

"ஏன்யா, மயிலு கொத்திடுமா?"

"மயிலு கொத்தாதுங்க, வாசனதான் கொத்தும். இந்த வாசனையோட ஜீப்பு ஏறினவன் எவனும் எங்க ஊருக்குச் சீக்கிரம் திரும்பலீங்க."

நான் சிரித்தேன்.

சூடான கோப்பைகள் ஏறியதும் மரம் விழித்துக்கொண்டது. காபியின் மணத்தை அமுக்கிவிட்டு அறை முழுக்கச் சந்தனம். அம்மா "அடடா" என்றார். அதிகாரி பேச்சை நிறுத்தினார். கோப்பைகளை ஒவ்வொன்றாக மேசையில் இறக்கி வைத்துவிட்டு ட்ரேயைக் கவிழ்த்தார். ஒரு கைப்பிடிக்கு அடியில் முத்திரை, கீறல் கூட இல்லாமல்.

மறுவாரம் நான் திட்டப் போனபோது தச்சர் சொன்னார்: "கவருமெண்டு முத்திரைங்களே, அதுல உளி வைக்கலாமாங்க? அதான் அத வுட்டுட்டு சுத்தி எழச்சேன்." வாயைத் திறந்தால் நீயும் உள்ளே போவாய் என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

விருந்தன்று, கவிழ்த்த ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யார் வேலை?" என்று அதிகாரி என்னைத்தான் கேட்டார். வாசற்படியில் சர்க்கரைக் கிண்ணத்தோடு வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியாது சார். அவன்தான் கொண்டாந்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேணும்னா அவன் கையை மோந்து பாருங்க சார்" என்றும் சொன்னேன்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். என் கைகளை நான் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவற்றிலும் அதே வாசனைதான்.

கைதாகி ஜீப்பில் ஏறும்போது வாட்ச்மேன் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அடுப்புல பாலு கீதுங்க. எறக்கிடுங்க, அடி புடிச்சிடும்."

பாலை இறக்கி வைத்தேன். அவருக்காக நான் செய்தது அது ஒன்றுதான். மூன்றாம் மாதம் எனக்கு மாறுதல் வந்தது. அவர் எப்போது திரும்பினார், திரும்பினாரா என்று நான் விசாரிக்கவே இல்லை.